கத்தரிக்கோல் இலக்கணம்

‘பிகின்’ என்றால் இடது காதுக்கு மேல் ஒரு வெட்டு. ‘பிகேன்’ என்றால் பின்னந்தலையில் ஒரு வெட்டு. மூன்றாவது சொல்லுக்கு உர்வே யோசிக்கத் தொடங்கிவிடுவார். கத்தரிக்கோல் வாயைப் பிளந்தபடி என் வலது காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிற்கும். நான் மூச்சுகூட விடுவதில்லை. சரியான சொல் வந்தால் முடி போகும். தப்பான சொல் வந்தால் எது போகும் என்று யார் கண்டார்கள்?

“பிகன்,” என்பார் கடைசியில். “சரிதானே தங்கம்?”

“சரி, சரி. வெட்டுங்க.”

உர்வேக்கு எல்லோரும் தங்கம்தான். எஸ்டோனியாவில், வில்யாண்டி ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் அவருடைய சலூன். ஒரு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, ஓயாமல் காப்பி இறங்கும் ஒரு இயந்திரம், தலைக்கு மேல் கவிழ்க்கிற பழைய டிரையர் ஒன்று. கண்ணாடி முழுக்கப் புருவப் பென்சிலால் ஆங்கில வினைச்சொற்கள். உட்கார்கிறவர் உயரத்துக்கு ஏற்ப ஏதாவது ஒரு சொல் நெற்றியில் வந்து விழும். எனக்கு ‘ஃபர்கெட், ஃபர்காட், ஃபர்காட்டன்’. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் மெய்ன்ஹார்ட்டுக்கு ‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’.

“இதை வேணும்னே எழுதியிருக்கா,” என்பார் மெய்ன்ஹார்ட். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காதைச் சுற்றி நாலு முடி. ஆனாலும் வாரம் தவறாமல் வருவார். காப்பி ஒரு காரணம். மற்ற காரணத்தை அவரும் சொன்னதில்லை, உர்வேயும் கேட்டதில்லை. இந்த ஊரில் அப்படித்தான். சாப்பாட்டைப் பார்த்து ‘சாப்பிடலாம்’ என்று சொன்னாலே அது பாராட்டு விழா.

உர்வேக்கு ஐம்பத்தொன்பது வயதில் இங்கிலீஷ் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். கணவர் பின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். போனவர் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டார். ஒரே மகன் டார்வோ ஸ்காட்லாந்துக்குப் போனான். போனவன் அங்கே ஹேசல் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். “கோ, வென்ட். பாத்தியா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லை,” என்று ஒருநாள் என் முடியைச் சீவியபடி சொன்னார். “எங்க மொழியிலயும் இந்த ஒரு சொல்லு இப்படித்தான். ‘லாஹென்’னா போறேன். ‘மினேமா’ன்னா போறது. போறது எந்த மொழியிலயும் அடங்காது தங்கம்.”

போன கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்திருந்தபோது டார்வோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான். “ஹேசலுக்கு இங்க மனசு ஒட்டிச்சுன்னா, இங்கயே வந்துடறோம்மா. ஜூன்ல யானிபேவ் திருநாள் நெருப்புக்கு வருவோம். அவ பாத்துட்டுச் சொல்லட்டும்.” அன்றிலிருந்து உர்வேக்கு ஹேசலின் மனசு ஒன்றுதான் கணக்கு. அந்தக் கிறிஸ்துமஸில் இருவருக்கும் நடுவே பன்றிக்கறியும் உருளைக்கிழங்கு சாலடும்தான் பேசின. உர்வேயால் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடிந்தது: கத்தரிக்கோலைக் காட்டி, ஹேசலின் தலையைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரை செம்பட்டை முடி. ஹேசல் சிரித்து, “நோ, தேங்க் யூ” என்று முடியை அள்ளி முடிந்துகொண்டாள். யாரையும் தொடவிடமாட்டாளாம், சிறு வயதிலிருந்தே அப்படி. உர்வேக்கு அது உள்ளே போய்க் குத்திவிட்டது. தையற்காரி வீட்டுக்கு வந்த மருமகள் துணியை ஒளித்துவைத்தால் எப்படி இருக்கும்?

ஜனவரியில் புருவப் பென்சில் கண்ணாடியில் ஏறியது.

எஸ்டோனியக்காரர்களுக்கு இலக்கணத்தைக் கண்டு பயமில்லை. உர்வேயின் மொழியில் பதினான்கு வேற்றுமை. என் தமிழில் எட்டு என்று நான் சொன்னபோது “வெறும் எட்டா?” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார், ஏழை வீட்டுப் பெண்ணைத் தேற்றுவதுபோல. வினைச்சொற்களை அவர் முடியாகத்தான் பார்த்தார். விதிப்படி நடப்பவை கோரைமுடி, அடங்காதவை சுருட்டை. சுருட்டையை இழுத்து நேராக்கப் பார்க்கிறவள் முட்டாள், அதன் போக்கிலேயே வெட்டவேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாவற்றிலும் பிடித்தது ‘கட், கட், கட்’. எந்தக் காலத்திலும் மாறாத சொல், கத்தரிக்கோலும் அதையே சொல்கிறது என்று சிரிப்பார். ‘வில்’ என்ற சொல்லின்மேல் மட்டும் தீராத எரிச்சல். அவர்கள் மொழியில் எதிர்காலமே கிடையாது. “நாளைக்கு வர்றேன்னு சொன்னா வர்றேன்தான். அதுக்கு முன்னாடி ஒரு ‘வில்’ எதுக்கு? சத்தியம் பண்றதா?”

அவனுக்கும் அவளுக்கும் அவர்கள் மொழியில் ‘டா’ என்று ஒரே சொல். நம் ‘அவர்’ மாதிரி. அதனால் மருமகள் இங்கிலீஷில் பெரும்பாலும் ‘ஹி’யாக இருந்தாள். “மை டாட்டர்-இன்-லா, ஹி இஸ் வெரி குட்.” இன்னொரு தொல்லை, இரண்டு மொழியிலும் ஒரே உருவத்தில் நடமாடும் இரட்டைச் சொற்கள். ‘மஸ்ட்’ என்றால் அவர்களுக்குக் கறுப்பு. ‘சிங்க்’ என்றால் பன்றித் தொடைக்கறி. பாத்திரமெல்லாம் சிங்க்கில் கிடக்கிறது என்று ஹேசல் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, “கறிக்குள்ள ஏன் தங்கம் பாத்திரத்தைப் போடறா?” என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு நான் சுதாரித்திருக்கலாம்.

மார்ச்சில் ஹேசலின் பிறந்தநாள். உர்வே பாதாம் தூவிய வளைரொட்டி சுட்டுச் சலூனுக்கே கொண்டுவந்திருந்தார். ஹேசலை அழைத்து, டார்வோ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தானாகவே பேசுவதென்று முடிவு. நாலே வாக்கியம். எல்லாம் கண்ணாடியில் இருந்து எடுத்தவை. கடைசி வாக்கியத்துக்கு மட்டும் ஒரு புதுச்சொல்: ‘ஜென்டில்’. அந்த ‘ஜெ’ அவர்கள் நாக்கில் ஏறாது. “சென்டில், சென்டில்” என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தலையில் சாயத்தைப் பூசி டிரையருக்குள் தள்ளிவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் செம்பட்டை முடி அசைவதும், உர்வேயின் உதடு அசைவதும், பிறகு செம்பட்டை முடி அசையாமல் நிற்பதும் தெரிந்தது. நான் டிரையரைத் தூக்கிவிட்டு வெளியே வருவதற்குள் திரை அணைந்துவிட்டது. மெய்ன்ஹார்ட் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு வினைச்சொல்லுகூடத் தப்பலை!” உர்வேயின் கழுத்துவரை சிவந்திருந்தது. “கேளு. ‘யூ கேம். யூ டுக் மை சன். யூ கெப்ட் ஹிம்.’ அதுக்கப்புறம் ‘வார்ம்’னு ஒண்ணு வரணும், அது விட்டுப்போச்சு, பரவால்லை. கடைசில அந்தப் பாழாப்போன ‘சென்டில்’ வரவே இல்லை தங்கம். வாயைத் திறந்துட்டு நிக்கறேன். சரி, நம்ம சொல்லையே சொல்லிடுவோம், முகத்தைப் பாத்தாப் புரியாதான்னு சொல்லிட்டேன். ‘யூ ஆர் ஹெல்.’”

அவர்கள் மொழியில் ‘ஹெல்’ என்றால் இளகிய மனசு, மெல்லிய தொடுகை, நோகாமல் தொடவேண்டிய இடம், எல்லாம்தான். அம்மா பிள்ளையிடம் சொல்வது. இங்கே அதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. உர்வே வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

“ஹேசல் என்ன சொன்னா?”

“‘ஓ’ன்னா. ‘தேங்க் யூ, உர்வே’ன்னா. வெச்சுட்டா. எங்க ஆளுங்க மாதிரியே, வளவளன்னு பேசலை.”

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. “உர்வே, இங்கிலீஷ்ல ‘ஹெல்’னா வேற. நரகம்.”

மெய்ன்ஹார்ட் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். “இரு, இரு. நீ வந்தே. என் பிள்ளையை எடுத்துக்கிட்டே. நீயே வெச்சுக்கிட்டே. நீ ஒரு நரகம். அதுவும் பொறந்தநாளுக்குக் கூப்பிட்டு!” அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. “அடிப்பாவி, நாப்பது வருஷமா மனசைத் திறக்காம இருந்துட்டு…”

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். மெச்ச வந்த ஒரு மாமியாருக்கு இப்படிப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்கும் சிரிப்பு முட்டியது, மறைக்கவில்லை. உர்வே சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் அவர் நெற்றியில் வந்து விழுந்த சொல்லை அவரே வாசித்தார்: “ஹர்ட், ஹர்ட், ஹர்ட். இதுவும் மாறாத சொல்லு.”

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “நான் இப்பவே ஹேசலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்,” என்றேன்.

“வேண்டாம். நான்தானே சொன்னேன்.”

“டார்வோவையாவது சொல்லச் சொல்லுங்க.”

“இன்னைக்கு அவன் நடுவுல நின்னா, என்னைக்கும் அவனே நடுவுல நிக்கணும்,” என்று எழுந்து என் சாயத்தைக் கழுவினார். ஒரு வினைச்சொல்லும் கேட்கவில்லை. என் தலை அன்று பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டார்வோ வழக்கம்போல் அம்மாவை அழைத்திருக்கிறான். வேலை, மழை, கால்பந்து என்று பேசினானே தவிர, நடந்ததைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. ஹேசல் பக்கத்து அறையில் இருப்பதாகவும், தலைவலி என்றும் சொன்னான். அடுத்த முறை போனபோது உர்வே இதை எனக்குச் சொன்னார். சொல்லும்போது சீப்பு நின்றுவிட்டது.

“அவன்கிட்டச் சொல்லலை, பாரு. மாமியார் திட்டினான்னு புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. தாயும் பிள்ளையும் முறைச்சுக்கக் கூடாதுன்னு தனியா வெச்சுக்கிட்டிருக்கா.” கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். “ஹெல்தான் அவ. நான் சொன்னது சரிதான்.”

அன்று மெய்ன்ஹார்ட் நாற்காலியில் இருந்தார். நான் பெஞ்சில். உர்வே திடீரென்று தொலைபேசியை எடுத்து, ஷாம்பூ பாட்டிலில் சாய்த்து நிறுத்தி, ஹேசலை அழைத்துவிட்டார். நாங்கள் இருப்பதை மறந்தாரா, துணைக்கு வைத்துக்கொண்டாரா தெரியாது.

ஹேசல் எடுத்தாள். முடியை இறுக்கக் கட்டியிருந்தாள். முகத்தில் விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை.

“ஹேசல். ஐ ஸ்போக். ஐ… ஐ ப்ரோக்.” உர்வேயின் கண் கண்ணாடிக்குப் போய் சொல் தேடியது. கண்ணாடி நிறைய சொல் இருந்தும் வேண்டிய சொல் அதில் இல்லை. “ஹெல், நாட் இங்கிலீஷ். ஹெல், எஸ்டோனியன்.”

“மன்னிச்சுக்கங்க, எனக்குப் புரியலை,” என்றாள் ஹேசல் இங்கிலீஷில், மெதுவாக. நான் எழுந்தேன். உர்வே என் பக்கம் திரும்பாமலே சீப்பை நீட்டி என்னை உட்காரவைத்தார்.

பிறகு மெய்ன்ஹார்ட்டின் நாற்காலியைத் தொலைபேசியின் பக்கம் திருப்பினார். “ஏய், என்ன பண்றே?” என்றார் அவர்.

“வாயை மூடு. தலையைக் குனி.”

அவர் குனிந்தார். உர்வே கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். விரல்களை மடக்கி, விரல்முதுகால் அந்த வழுக்கைத் தலையை உச்சியிலிருந்து பிடரி வரை ஒருமுறை வருடினார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தொடுவதுபோல் அவ்வளவு மெதுவாக. இன்னொருமுறை வருடினார். “திஸ்,” என்றார் திரையைப் பார்த்து. “ஹெல். யூ.”

வாழ்நாள் முழுக்கக் கிண்டலே பேசிய மெய்ன்ஹார்ட் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு முடியும் நரைத்த அந்தக் காதுகள் சிவந்துபோயிருந்தன.

ஹேசல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “அதுவா?” என்றாள். “அதையா சொன்னீங்க?” அதற்கு மேல் அவள் வேகமாக என்னவோ சொன்னது அழுகையிலும் சிரிப்பிலும் எனக்கே பிடிபடவில்லை. உர்வேக்கு எங்கே பிடிபட்டிருக்கும்? திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹேசல் பேச்சை நிறுத்தினாள். பின்னால் கைபோட்டு முடியை அவிழ்த்தாள். அது இரண்டு பக்கமும் சரிந்தது. தலையைக் குனிந்து குனிந்து அவள் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர, திரை முழுக்க செம்பட்டை நிறமாகிவிட்டது.

உர்வே ஈரக்கையை ஏப்ரனில் இருபக்கமும் துடைத்தார். விரல்களை மடக்கி, தொலைபேசிக் கண்ணாடியை மேலிருந்து கீழாக வருடினார்.