கன்டோனீஸ் பாட்டுப் படமும் நான் வைக்காத கையெழுத்தும்

ஒரு புது நடிகையை அறிமுகப்படுத்தும் ஹொங்கொங் பாட்டுப் படம், இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலேர்மோவில் ஒரே ஒரு தடவை ஓடுகிறது என்று என் மகள் இரண்டு கிழமையாக உயிரை வாங்கினாள். அவளுக்குப் பதினாறு வயது. போன ஞாயிறு எனக்கு வேலை இல்லை. கிளம்பினோம்.

எங்கள் பகுதியான பிரான்காச்சோவில் 3.10க்கு பஸ். டிக்கெட் ஆளுக்கு ஒரு யூரோ நாற்பது. ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். அவசரமென்றால் நடந்து போயிருக்கலாமே சிஞ்ஞோரா, அம்மணி, என்றார் டிரைவர். நடந்திருந்தால் இந்நேரம் அங்கே போய் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்போம் என்றேன். போர்கோ வெக்கியோவில் இறங்கி ஐந்து நிமிட நடை. சின்னத் தியேட்டர், ஆறு யூரோ.

பேச்சு கன்டோனீஸ், கீழே எழுத்து இத்தாலியன். நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். மகள்தான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மீன்கடைக்காரரின் மகள் பாட வருகிறாள், கதை அவ்வளவுதான். நடித்த பிள்ளைக்கும் பதினாறு வயதாம், முதல் படமாம். பல் கொஞ்சம் மிதப்பு. பாடத் தொடங்கியதும் பல்லை மறந்துவிட்டேன்.

படம் முடிய வாசலில் ஒரு மேசை. கோடையில் அந்தப் பாட்டுக்களை இங்கே மேடையேற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் பத்துப் பேரை எடுக்கிறார்களாம். மகள் அங்கேயே நின்று பாடினாள். மேசைக்காரப் பெண் எழுந்து நின்று கேட்டாள். ஒரு இடம்தான் மிச்சம், தாய் கையெழுத்து வைத்தால் அது இவளுக்கு என்று ஒரு கடுதாசியை நீட்டினாள். பிள்ளையைப் பாட விடச் சம்மதம், அவ்வளவுதான் எழுதியிருக்கு என்றாள் மகள்.

இங்கே இருக்கும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் இத்தாலியன் கடுதாசியில் சும்மா கையெழுத்து வைப்பதில்லை. தெரிந்த ஒருத்தி வாசிக்காமல் வைத்து, தன் வேலையை விட்டுவிட்டதாகத் தானே எழுதிக் கொடுத்தவள். ஒரேத்தோத் தெருவில் கடுதாசி வாசித்துச் சொல்லும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் 'ஓம்' சொன்னால்தான் பேனாவைத் திறப்போம்.

"நாளைக்கு அண்ணையிட்டைக் காட்டிப்போட்டு வைக்கிறன்," என்றேன்.

"அம்மா, உங்கட விசா, பெர்மெஸ்ஸோ கடுதாசியெல்லாம் எட்டு வயசில இருந்து நான்தானே வாசிக்கிறன்."

"அது என்ர கடுதாசி. இது நீ பாடப்போற கடுதாசி. உனக்கு வசதியாத்தான் வாசிப்பாய்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். மேசைக்காரியும் ஏனென்று தெரியாமல் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

திங்கள் அண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். பிள்ளை சொன்னதுதான் எழுதியிருக்கு என்றார். மேசைக்காரிக்குப் போன் எடுத்தால், இடம் முடிந்துவிட்டது.

இப்படிப் படத்துக்குப் போகிறவர்கள் அரை மணி நேரம் முந்திப் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். பாடுகிற பிள்ளையென்றால் அங்கேயே கையெழுத்தை வையுங்கள்.

புதன்கிழமை குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் இருந்து, இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோ பற்றிக் கடிதம் வந்தது. வழக்கம்போல மகளிடம் நீட்டினேன். அவள் பிரிக்கவில்லை.

"அண்ணையிட்டைக் காட்டுங்கோ அம்மா," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.