கராஜுக்குள் ஒரு மழைக்காலம்

ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் அண்ணையின் கராஜில் கார் இல்லை. மத்தியதரைக் கடற்கரைக் காலநிலை இருக்கிறது. லிஃப்ட் திருத்துகிற மனிதர். ஏழு வருடத்துக்கு முன் எங்கோ அந்தக் கடற்கரை ஓக் மரத்து விதை ஒன்றை வாங்கி முளைக்க வைத்தார். இலைகள் சிறியவை, செருப்புத் தோல் மாதிரித் தடித்தவை, குளிர்காலத்திலும் உதிராதவை. தள்ளிப்போகச் சில்லு பூட்டிய தொட்டியில், அடியில் உடைத்த சுண்ணாம்புக்கல், மேலே செம்மண்.

அந்த மரத்துக்கு மாரியில், அதாவது குளிர்காலத்தில், மழை வேண்டும், கோடையில் வறட்சி வேண்டும். ரொறன்ரோவிலோ மாரியில் பனி, கோடையில் மழை. அதனால் நவம்பர் தொடங்கியதும் அண்ணை கராஜை அளவாகச் சூடாக்கி, பூவாளியால் மழை பெய்வார். வெளியே நிற்கும் காரில் பனி சுரண்டுவது மனைவி புஸ்பராணி அக்கா. கோடையில் மரம் வாசல் வெயிலில் நிற்கும். ஒரு சொட்டும் படக்கூடாது. மகள் தக்ஷிகாவின் தாலி கட்டும் நேரம், போனில் மழை அறிவிப்பைப் பார்த்து, தூவ வைத்திருந்த அறுகரிசியை என் கையில் திணித்துவிட்டு மரத்தை உள்ளே தள்ள வீட்டுக்கு ஓடிய ஆள் இவர். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன யூலையில் அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன். நாலு நாள் ஆஸ்பத்திரி.

"ஒரு சொட்டும் ஊத்தப்படாது, புஸ்பம். வேர் அழுகிப்போம்," என்றுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது செம்மண் சேறாக இருந்தது. என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசல் கமராவில் பதிவானதை ஓட்டினார். சுகம் விசாரிக்க இடியப்பப் பார்சலோடு வந்த ஒவ்வொருவரும், தூசி பிடித்து நின்ற மரத்தைக் கண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தார்கள். சம்பந்தி. கோயில் ஐயர். கடிதம் கொண்டுவரும் கிளிபோட்கூட. ஆறாவதாக, வாளியோடு நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில், நாலு நாள் காலையிலும் அரிசி கழுவிய தண்ணீரோடு அக்கா.

"நீருமோ, புஸ்பம்?"

"நீங்கள் அங்க கட்டிலில கிடக்கிறியள். இது வாசலில காஞ்சுபோய் நிக்குது. நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

இரண்டு கிழமை, அண்ணை ஊன்றுகோலில் சாய்ந்தபடி, தலைமயிர் உலர்த்தும் மெஷினால் மண்ணைக் காயவைத்தார். அக்கா வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒக்டோபரில் ஓர் இலையும் மிஞ்சவில்லை.

நவம்பரில் முதற்பனி கொட்டிய காலை, அண்ணை கார்த் திறப்புக் கொத்தை அக்காவிடம் நீட்டினார்.

"இனிக் காரை உள்ளுக்க விடும்."

அக்கா திறப்பை வாங்கவில்லை. பனி சுரண்டியை எடுத்துக்கொண்டார்.

"மாரி இப்பதானே தொடங்குது. போய் மழையைப் பெய்யுங்கோ."