மூடாத ஓரம்

ஒட்டுப்போர்வைக் கண்காட்சியில் விண்ணப்பம் வாங்கும் மேசைதான், ஓய்வுபெற்ற எனக்கு மிஞ்சிய அதிகாரம். மலையாளம் கலந்து பேசும் ஒல்லியான ஓர் அம்மாள் வந்ததுமே மேசை விரிப்பை விரல்களில் தேய்த்துப் பார்த்தார். எந்தத் துணியைக் கண்டாலும் அப்படித்தானாம்.

“காட்டன்னு பறஞ்சு உங்கள ஏமாத்திட்டாங்க சாரே!”

கோடை முழுவதும் கண்காட்சிகளிலும் கிழக்கேகோட்டைத் துணிக்கடைகளிலும் வாங்கிய துண்டுகளால் போர்வை தைத்திருந்தார். ஓர் ஓரம் மட்டும் மூடாமல் இருந்தது.

“நாலு ஓரமும் தைச்சிருக்கணும். விதி.”

“இங்க வாங்கப்போற துண்டுக்கு இடம் விட்டிருக்கேன் சாரே. ஒரு நாள் மாட்டி வச்சா போதும்.”

மறுத்தேன். சண்டை போடாமல் போர்வையை மடித்துக்கொண்டு போனார். எதையும் வாங்கவில்லை.

மேசைப் பொறுப்பாளர் விரும்பினால் விதியைத் தளர்த்தலாம் என்று விதித்தாளின் அடுத்த வரியிலேயே இருக்கிறது. இரண்டு வரிகளையும் எழுதியவன் நான்தான்.