ஒல்லாந்துக் கப்டனின் விளாம்பழம்

என் கைப்பைக்குள் ஒரு எவர்சில்வர் அளவுக் கிண்ணம் கிடக்கிறது. இரண்டு பக்கமும் வாய். ஒன்று சிறிது, மற்றது அதன் இரட்டை. அத்தான், என் அக்காவின் கணவர், அதைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பார். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் மது கலப்பது அவருக்குச் சம்பள வேலை. கொக்டெயில்களின் சரித்திரம் எழுதுவதுதான் உண்மையான உத்தியோகம். ஒரு கலவையை முதலில் கலந்தது யார், தன்னுடையதென்று புளுகியது யார் என்று விருந்தாளிகளைக் குடைந்து, கடல் கடந்து கடிதம் போட்டு, கொப்பி கொப்பியாக எழுதினார். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் அவருடைய திருத்தங்களைப் பிரசுரித்தன. ஊரிலோ, "என்னகா, சோடாவுக்குத் தகப்பன் ஆரெண்டு பிடிச்சாச்சா?" என்று நெளித்துக் கிண்டலடிப்பார்கள். "உனக்கு மட்டும் தகப்பன்ட பேர் வேணுமாகா?" என்று அத்தான் கேட்டுவிட்டுப் போவார்.

சுனாமிக்குப் பிறகு விடுதி நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரரால் நிறைந்தது. அந்தக் கடலுக்கு வீட்டைக் கொடுத்த ஒரு பெண் சமையலுக்கு வந்தார். கதிரவெளியிலிருந்து வந்ததால் எல்லோருக்கும் கதிரவெளி அக்கா. ஒரு மத்தியான வெக்கையில் விளாம்பழத்தைப் பனங்கட்டியோடு பிசைந்து, உப்பும் நசுக்கிய மிளகும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து வடித்து நீட்டினார். அத்தான் நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், பிறகு அந்தக் கிண்ணத்தால் ஓர் அளவு தென்னஞ்சாராயம் ஊற்றினார். அதற்குப் பிறகு விருந்தாளிகள் வேறொன்றும் கேட்கவில்லை. தன்னைப் புகழ்ந்தவர்களிடம் அத்தான், "சாராயந்தான் என்ட. பானம் அவட," என்பார். கதிரவெளி அக்காவோ, "பானம் கிடக்கட்டும் தம்பி, அந்தச் சட்டியக் கழுவித் தந்தாக் காணும்," என்பார்.

வாகரைப் பக்கம் சண்டை மூண்டபோது தன் தங்கையைக் கூட்டிவரப் போன கதிரவெளி அக்கா ஷெல் விழுந்து செத்துப்போனார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் முளைத்தது. அதன் மெனு அட்டையில் அதே பானம், உப்பும் மிளகும் உட்பட. அந்தக் காலத்தில் மட்டக்களப்புக் கோட்டையில் காய்ச்சலில் கிடந்த ஒல்லாந்துக் கப்டன் ஒருவர் கண்டுபிடித்ததாம். கப்டனுக்குப் பெயர், தாடி, படம் எல்லாம் இருந்தன. அத்தான் கொப்பியோடு போனார். நானும் போனேன்.

"இது எங்கட விடுதியில சமைச்ச ஒரு அக்காட பானம்," என்றார்.

"அவங்க பேரென்ன ஐயா?" என்றார் கொழும்பிலிருந்து வந்த மனேஜர்.

அத்தான் கொப்பியைத் திறந்தார். எங்கேயோ இருந்த நகரங்களின் மது கலப்பவர்களுக்கெல்லாம் முழுப்பெயர் எழுதியிருந்த அந்தக் கையெழுத்து, இந்தப் பக்கத்தில் 'கதிரவெளி அக்கா' என்று மட்டும் எழுதியிருந்தது.

"எங்க கப்டனுக்கு ஒரு பேராவது இருக்குங்க," என்று மனேஜர் சிரித்தார்.

பிறக்காத ஒருவனுக்குத் தாடி வரைய அவர்களுக்கு மனம் வந்தது. நாங்கள் மட்டும் யோக்கியர்களா? இரண்டு வருடம் அவர் கையால் சோறு தின்றோம். அக்கா என்று கூப்பிட்டதோடு மரியாதை முடிந்ததென்று ஏப்பம் விட்டோம்.

அத்தான் பஸ் ஏறினார். மாதக்கணக்கில் விசாரித்து, கதிரவெளியில் ஒரு தகரக் கொட்டிலில் அந்தத் தங்கையைக் கண்டுபிடித்தார். "பேரா?" என்றாராம் அந்தப் பெண். "மறுகா இவ்வளவு நாளும் அத ஒருத்தரும் கேட்கல்லியே."

பெயரோடு திரும்பவும் ஹோட்டலுக்குப் போனார். அட்டை அடித்தாயிற்று, அடுத்தமுறை பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்தமுறைக்கு முன் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் நான் அந்த ஹோட்டலுக்குப் போனேன். அட்டை புதிது, கப்டன் பழையவர். பேனாவை எடுத்து அவரைக் குறுக்கே வெட்டினேன்.

"அம்மா, அதில எழுதக் கூடாது," என்று பரிமாறுகிற பொடியன் ஓடி வந்தான்.

"எழுதல்ல தம்பி, திருத்துறன்."

கதிரவெளி, கணபதிப்பிள்ளை வள்ளிப்பிள்ளை என்று கப்டன் இருந்த இடத்தில் போட்டேன். கடற்காற்று அட்டையைப் பிடுங்கியது. பறந்துவிடாமல் அத்தானின் கிண்ணத்தை அதன்மேல் வைத்தேன்.