சூடேறிய மடிக்கணினியும் நானும்

போன வருடம் பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நடந்தது இது.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்தவள் நான். பதினெட்டு வருடங்கள் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, விட்ட படிப்பைக் கணினியில் தொடர ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். வீடுகளை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளைச் சாதாரண கணினி தாங்காது என்றார்கள். அதனால் ஒருவர் பாவித்த கேமிங் மடிக்கணினியை வாங்கியிருந்தேன்.

இறுதி வேலையைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை மடிக்கணினி கொதிக்கத் தொடங்கியது. விசிறி ஹெலிகொப்டர் மாதிரி இரையும். வரைந்த வீட்டை முழுப் படமாக்கக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் திரை கறுத்து அணைந்துவிடும். வார இறுதியில் கல்லூரியும் பூட்டு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், பிரதான வீதியில் போன் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மன்னாரைச் சேர்ந்தவர். உள்ளே தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், சிப்பின் சூட்டை வெளியே கடத்துகிற பசை அது, மாற்றினால் சரிவரும் என்றார். ஆனால் கையில் நிறைய வேலை, பத்து நாளாகும். எனக்கு வந்த ஆத்திரத்தில், வேலை தெரியாத ஆட்கள்தான் இப்படி நாள் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர் மடிக்கணினியைத் திருப்பித் தந்தார்.

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஒரு சின்னக் குழாய் பேஸ்ட்டும் திருப்புளியும் வாங்கினேன். சனி காலை ஷிப்டுக்கு வெளிக்கிட்ட கணவர், "இருக்கிறதையும் உடைக்கப் போறீர்" என்றார்.

"உடைஞ்சாலும் என்ரை கையாலை உடையட்டும்" என்றேன்.

ஒரு வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மின்சாரத்தை விலக்கி, அடிமூடியின் பதினொரு திருகாணிகளைக் கழற்றி, பற்றரி வயரையும் எடுத்தேன். ஒரு கடதாசியில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். விசிறிக்குள் கம்பளி போலத் தூசி. சிப்பை மூடியிருந்த செப்புத் தகட்டின் நாலு திருகாணிகளையும் கழற்றித் தூக்கினால், சிப்பின்மேல் பழைய பேஸ்ட் காய்ந்த சீமெந்து மாதிரிக் கிடந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்க சிப் கண்ணாடி போல மினுங்கியது. புதுப் பேஸ்ட் முழுவதையும் பிதுக்கி, தகட்டை வைத்து, இறுக்கி மூடினேன்.

இயங்கியது. நாலாவது நிமிடம் அணைந்தது. முன்பு பத்து, இப்போது நாலு!

கதிரையில் அமர்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் திறந்து தகட்டைத் தூக்கினேன். எங்கே பிழை என்று புரியவில்லை. மேசையில் கிடந்த எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். எனக்குத் தெரிந்து கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அந்தக் கடை வாசலை இரண்டு தரம் தாண்டிப் போய், மூன்றாம் தரம்தான் உள்ளே போனேன்.

"அண்ணை, நேற்று நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நானே கழற்றிப் பூட்டிப் பாத்தன், போனில படம் எடுத்துக்கொண்டு வந்தனான்; எங்கை பிழை எண்டு தெரியேல்லை."

"போனைத் தாங்கோ, பாப்பம்" என்றார். படத்தைப் பெருப்பித்துக் காட்டினார். சிப்பின் ஒரு மூலையில் பேஸ்ட் அழுந்தவே இல்லை.

"தகட்டில ஸ்குரூவுக்குப் பக்கத்தில நம்பர் அடிச்சிருக்கு, கண்டனீங்களோ?"

"இல்லை அண்ணை."

"அந்த ஒழுங்கில, ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கவேணும். ஒரு பக்கத்தை முதலே இறுக்கினா மற்றப் பக்கம் தூக்கிக்கொண்டு நிக்கும்."

பேஸ்ட் ஒரு கடலை அளவு போதும் என்று சொல்லி, தன் குழாயையே எடுத்துத் தந்தார். அடுத்த படத்தில் திருகாணிகள் ஒட்டிய கடதாசி இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வேலை தெரிஞ்ச ஆக்கள்தான் இப்பிடிச் செய்வினம். போய் நீங்களே செய்யுங்கோ. உங்களுக்கு ஏலும்."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். தகட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எறும்பளவில் இலக்கங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, கடலை அளவு மட்டும் வைத்து, அந்த ஒழுங்கில், கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினேன். மறுபடி முழுப் படமாக்கக் கொடுத்துவிட்டு மணிக்கூட்டின் முன்னால் இருந்தேன். பத்து நிமிடம். இருபது. ஐம்பதாவது நிமிடத்தில் நான் வரைந்த வீடு, யன்னல்களில் வெயில் விழ, முழுதாக வந்து நின்றது.

மாலையில் கணவர் வந்து மடிக்கணினியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "என்ரை லப்டொப்பையும் ஒருக்காப் பாருமன்" என்றார்.

திங்கட்கிழமை ஒப்படைத்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறிய கட்டட அலுவலகத்தில் படம் வரைகிறேன். என் கையால் முடியும் என்று அன்று தெரிந்துகொண்டது பெரிய விசயம்தான்; ஆனால் பிழை விட்டபோது, நான் புண்படுத்திய ஒருவர் முன்னால் போய் நின்று "தெரியவில்லை" என்று சொல்லவும் என்னால் முடியும் என்று தெரிந்துகொண்டதுதான் இன்றுவரை எனக்குக் கூடுதலாக உதவுகிறது.