இருக்கிற பஸ்ஸே போதும்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் ஒரு விவாதப் போட்டியில் ஜெயித்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எங்கள் தொழிலாளர் கேம்ப் ஷார்ஜா முவைலாவில், வேலை துபாய் ஜெபல் அலியில். கம்பெனியின் இரண்டு சைட்டுக்கும் ஒரே பஸ். வேறொரு சைட்டில் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் சைட்டுக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரமாகும். எனக்குக் கீழ்க்கட்டிலில் இருந்தவர் சாரம் கட்டுகிறவர், சர்க்கரை நோயாளி. அவ்வளவு நேரம் அவரால் சிறுநீரை அடக்க முடியாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வெளிய சொல்லிப்புடாத பங்காளி. சிரிப்பானுக."

ஒரு விடுமுறை நாளில் கேம்ப்பில் விவாதப் போட்டி வைப்பதாக அறிவித்தார்கள். நடுவர், தமிழ் தெரிந்த மலையாளியான கேம்ப் இன்சார்ஜ். தலைப்பை எங்களையே கொடுக்கச் சொன்னார்கள். 'நம் சைட்டுக்குத் தனி பஸ் வேண்டுமா, இருப்பதே போதுமா?' என்று கொடுத்தோம். மனுவென்றால் மூலையில் போட்டுவிடுவார்; போட்டியென்றால் உட்கார்ந்து கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தோம். யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தனி பஸ் வேண்டும் என்ற பக்கம் கீழ்க்கட்டில்காரருக்கு விழுந்தது. இருப்பதே போதும் என்பது எனக்கும், ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு பட்டதாரித் தம்பிக்கும்.

நான் நழுவப் பார்த்தேன். தம்பி விடவில்லை.

"அண்ணே, மாத்தணும்னு சொல்றவங்கதான் எல்லாத்தையும் நிரூபிக்கணும். இப்ப கஷ்டம் இருக்குன்னு காட்டணும். அது இந்த பஸ்ஸாலதான்னு காட்டணும். தனி பஸ் வந்தா தீரும்னும் காட்டணும். இதுல ஒண்ண ஒடைச்சாலே போதும்."

"அப்ப நாம எதையும் கட்ட வேணாமா?"

"வேணாம்ணே. சாரத்துல ஒரு கிளாம்ப உருவுனாப் போதும்."

இரண்டு வாரம் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். யோசிக்க யோசிக்க ருசித்தது. எதை உருவ வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

போட்டியன்று மெஸ் ஹால் நிறைந்திருந்தது. கீழ்க்கட்டில்காரர் நன்றாகவே பேசினார். தன் கஷ்டத்தை வேறு யாருடையதோ போலச் சொன்னார். அடுத்து நான் கேள்வி கேட்க வேண்டும்.

"அந்த ஆளு ஒரு தடவையாச்சும் டிரைவர்கிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லிக் கேட்டாரா?"

அவர் என்னையே பார்த்தார். "கேக்கல."

"அப்ப கோளாறு பஸ்லயா, அவரு வாயிலயா?"

கூட்டம் சிரித்தது. "ஊமைக்கு வந்த வாயப் பாருடா" என்றான் ஒருவன். எனக்கு இனித்தது. அந்த ரோட்டில் டிரைவர் நிறுத்த மாட்டான், நிறுத்தினால் அபராதம் கட்ட வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வியில் அந்த ஆள் இவர்தான் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்திருக்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்துவிட்டார். வெற்றி எங்களுக்கு.

மறுவாரம் சிலர் பஸ் கேட்டுப் போனார்கள். "உங்க ஆளே பேசி ஜெயிச்சாச்சே. கலாஸ், முடிஞ்சுது" என்று அனுப்பிவிட்டார் இன்சார்ஜ்.

அந்த ஆகஸ்ட்டில் கீழ்க்கட்டில்காரர் சைட்டில் சுருண்டு விழுந்தார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றக் கை வைத்தேன். "விடு, நான் தூக்கிக்கிறேன்" என்றார்.

அதன் பிறகு நான் தனியாக ஆபீஸுக்குப் போய்த் தனி பஸ் கேட்டேன்.

"யாருக்கு வேணும்?" என்றார் இன்சார்ஜ்.

ஊருக்குப் போனவரைச் சொன்னேன்.

"அவன் போயாச்சு. இப்ப இருக்கிற ஆளில் யாருக்குக் கஷ்டம்? பேர் சொல்லு."

அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறுகிறார்கள். போட்டிக்குப் பிறகு அவர்களில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை.