இரண்டு பனைகளுக்கு நடுவே வந்த லாரி

பிள்ளைகளே, பேய், பிசாசு, காற்று கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் உங்கள் அப்பா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவனுக்கு அந்தப் பயமெல்லாம் எதற்கு என்று கேட்பேன். இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன், இந்த ஒன்றைத் தவிர. ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள். நடந்ததில் தப்பு இல்லை. பெரியவன் சிரிப்பான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி, உலக யுத்தம் நடந்த காலம். காஞ்சிபுரம் பக்கத்து மில்லிலிருந்து ஆவடியில் இருந்த பட்டாளத்து டிப்போவுக்கு அரிசி மூட்டை கொண்டுபோகும் லாரியில் நான் டிரைவர். அந்த வேலையில் ஓட்டுவது ஒரு கஷ்டமே இல்லை, ராத்திரி நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். மலேயாவிலிருந்து ரப்பர் வருவது நின்றுபோனதால் டயருக்கு அப்படி ஒரு பஞ்சம், கொஞ்ச நேரம் கண் அசந்தால் வண்டியைக் கல் மேல் உட்காரவைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் போய்விடுவார்கள். டிப்போ வாசலில் பொழுது சாய்ந்தபின் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. பட்டாபிராமில் எங்கள் தெருவிலோ லாரி நுழையாது. காலையில் டிப்போ கதவு திறந்து மறுபடி சாத்துவதற்குள் அங்கே இருக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் எனக்கு வேறு வேலை இல்லை, அப்போது உங்கள் அக்கா அம்மா வயிற்றில் ஏழு மாதம்.

அன்றைக்குப் பூந்தமல்லி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. கிளீனராகக் கூட வந்தது உங்கள் அந்தோணி மாமா. வழக்கமாக நாங்கள் நிறுத்தும் களத்தில் முன்னாலேயே வண்டிகள் நிறைந்துவிட்டன, ஒரு சைக்கிள் நிற்கக்கூட இடம் இல்லை. சென்னீர்குப்பத்தில் திரும்பி ஆவடி ரோட்டில் மெதுவாகப் போனோம். எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி விளக்குக் கண்ணாடியில் பாதிக்குக் கறுப்பு மை பூச வேண்டும் என்பது சட்டம், அதனால் முன்னால் இரண்டு முழத்துக்கு மேல் தெரியாது. ஓர் இடத்தில் ரோட்டை ஒட்டிப் பனைமர வரிசை, அதற்குப் பின்னால் தோப்பு. தோப்புக்காரி கன்னியம்மாள் லாரி என்றாலே சண்டைக்கு வருவாள் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். வேறு வழி இல்லை. நான் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன், அந்தோணி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவளிடம் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் பூந்தமல்லிப் பக்கமிருந்து பட்டாளத்து லாரிகள் வரிசையாக வரும் உறுமல் கேட்டது. அவர்களுக்கு வழிவிடாமல் நின்றால் வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள், யாரும் கேட்க முடியாது. அந்த நேரத்தில் வண்டியின் பின்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நிற்கிறவன் உள்ளங்கையால் பலகையில் இரண்டு தட்டினால் வா, ஒன்று தட்டினால் நில். டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்னை நம்பவில்லையா என்று பின்னால் நிற்பவனுக்குக் கோபம் வரும், அடுத்த தடவை தட்ட மாட்டான். அந்தோணிக்கு ரோஷம் ஜாஸ்தி. அதனால் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது என் தப்பா இல்லை என் நல்ல நேரமா, இன்றுவரை தெரியவில்லை. இரண்டு தட்டு, பின்னால் எடுத்தேன். பலகையின் இடது பக்கம் இரண்டு தட்டு, இடப்பக்கம் ஒடித்தேன். மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. டயருக்கு அடியில் ரோடு போய்ச் சேறு வந்தது தெரிந்தது. இவ்வளவு அழகாக அந்தோணி எப்போது கற்றான் என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஒரே ஒரு தட்டு. நிறுத்தினேன். அதே நேரம் பட்டாளத்து வண்டிகள் ரோட்டில் தடதடவென்று போயின.

அந்தோணியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மழையில் அவளிடம் பேசிக்கொண்டிருப்பான் என்று நினைத்து, டயருக்குக் காவலாக சீட்டிலேயே உட்கார்ந்தேன். நம்பினால் நம்புங்கள், டயர் பயத்தில் பல நாளாகச் சரியாகத் தூங்காத நான் அன்று குழந்தை மாதிரித் தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது அந்தோணி குரல் வெளியே கேட்டது. கன்னியம்மாள் கதவையே திறக்கவில்லையாம், அவன் திரும்பி வந்தபோது ரோட்டில் வண்டி இல்லையாம். நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று திட்டிக்கொண்டே கோவில்பதாகை வரைக்கும் நடந்து தேடிவிட்டு வந்திருக்கிறான். நான் இறங்கி முதலில் சக்கரத்தை எண்ணினேன். எல்லாம் இருந்தன. நீதானேடா தட்டினாய் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எப்டி உள்ள வந்தே?"

திரும்பினேன். தோப்பைச் சுற்றி நான்கு பக்கமும் இடுப்புயர மண்கரை, கரை முழுக்கப் பனை. ரோட்டுப் பக்கம் மாத்திரம் இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றை மாட்டு வண்டி போகும் சந்து. என் சக்கரத் தடம் அந்தச் சந்து வழியாகத்தான் வந்திருந்தது. அந்தோணி கயிறு எடுத்து அளந்தான். மூன்று தடவை அளந்தான். வண்டியின் அகலத்தைவிடச் சந்து ஒரு சாண் குறைவு. மரத்தில் ஒரு கீறல் இல்லை, வண்டிப் பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

அதற்குள் கன்னியம்மாள் விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். ஐம்பது வயசிருக்கும், குரல் ரோடு வரைக்கும் கேட்கும். "இன்னா நைனா, மரத்தப் புடுங்கி வச்சிட்டு உள்ள வந்து திரும்ப நட்டுக்கினியா?" என்றாள். அந்தோணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு அழுகை வந்தது. மணி ஆகிக்கொண்டிருக்கிறது, டிப்போ கதவு திறந்துவிடும், வண்டி உள்ளே சிறையில் நிற்கிறது. ஒரு பனையை வெட்டினால்தான் வெளியே போக முடியும், வெட்ட விடுங்கள் என்று கும்பிட்டேன். அவள் மாமனார் நட்ட மரமாம், முடியாது என்றாள். நான் தட்டுச் சத்தம் கேட்டு வந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எப்படியும் நம்பமாட்டாள் என்றுதான் சொன்னேன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"வெறுங்கையா தட்டுனாப்பல இருந்துச்சா, மோதரம் போட்ட கையா?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தட்டோடும் பலகையில் ஏதோ உலோகம் படுகிற சின்னச் சத்தம் இருந்தது. அந்தோணி கையில் மோதிரம் கிடையாது. சொன்னேன். அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "வெட்டிக்க. இன்னொரு மரத்தையும் சேத்து வெட்டிக்க, வண்டிங்க நல்லா வந்து போவட்டும்" என்றாள். உள்ளே போய்க் கோடாலியை அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

ஒரு மரத்தைத்தான் அப்போது வெட்ட முடிந்தது. கை கொப்புளித்துப்போக வெட்டி, அடிக்கட்டையை மண் போட்டு மூடி வண்டியை வெளியே எடுத்தோம். டிப்போவில் கதவு சாத்தக் கை வைத்திருந்த சிப்பாய் எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு உள்ளே விட்டான். பட்டியலில் பெயர் நின்றது. வேலை தங்கியது, உங்கள் அக்கா பிறந்தாள்.

கன்னியம்மாளின் மகன் அவள் போட்டுவிட்ட மோதிரத்தோடு பட்டாளத்தில் லாரி ஓட்டப் பர்மா பக்கம் போனவன், ஒரு வருஷமாகக் கடிதாசு இல்லை என்று டீக்கடையில் அந்தோணி விசாரித்து வந்தான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அந்தத் தோப்பு பிறகு லாரிக்காரர்களுக்குக் கோட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒருவனுடைய டயர்கூட அங்கே திருடுபோனதில்லை. ஆனால் நடுவில் ஒரு வண்டி அளவுக்கு இடத்தை அவள் யாருக்கும் விடமாட்டாள். எவ்வளவு நெருக்கடியானாலும் விடமாட்டாள். புது டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு சாயங்காலம் நல்ல மழை, எனக்கு வேறு இடம் இல்லை, அங்கே விட்டுக்கொள்ளட்டுமா என்று நானே கேட்டேன்.

"வண்டி நிக்கிறது கண்ணுக்குத் தெர்லியா உனக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் தரையைப் பார்த்தேன். தோப்பு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த இடத்தில் மாத்திரம், ஒரு லாரியின் நீளத்துக்கும் அகலத்துக்கும், மண் காய்ந்து கிடந்தது. மேலே மரம் இல்லை, கூரை இல்லை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காய்ந்த மண்ணில் நான் காலை வைக்கவில்லை. வைத்திருந்தால் என் தலை எதிலாவது இடித்திருக்குமோ என்று இன்றைக்கும் சில நாள் விழித்துக்கொள்கிறேன்.